கொடிக்கு உறை போட்டவன்

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

மாத்தளை பொலிஸ் ஸ்டேஷனின் டெலிபோன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் பலீல் தேநீர்க் கோப்பையை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். அப்படியே மேசையில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, மாத்தளை பொலிஸ்!"

"மாத்தயா... நாலந்தாவில இருந்து பேசறேன்... றோட்டோரம் தேத்தண்ணிக் கடை வச்சிருக்கேன்..." மறுமுனையில் மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க!"

"பெரிய கறுப்புக் கார் ஒண்ணு நிக்குது. நாலு கதவும் தொறந்து கிடக்கு. ட்ரைவர் மண்டை ஒடஞ்சி கீழ கிடக்கான். பொனட் எல்லாம் ரத்தம் மாத்தயா... ரத்தம்!"

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல!"

"கார் நம்பர் என்ன?"

"நம்பர் எதுக்கு மாத்தயா? இந்தப் பக்கம் அந்தக் காரத் தெரியாதவன் யாரு? வெளிநாட்டில தூதுவரா இருந்தாரே, அம்பாஸடர் ஹாஜியார்ட கார்!"

பலீல் எழுந்துவிட்டார்.

"ஸேர், தேத்தண்ணி...?" என்றான் கான்ஸ்டபிள் லெட்சுமணன்.

"நீ குடி. ஜீப்ல ஏறிக் குடி!"

அன்று முழுக்கத் தனக்குத் தேநீர் கிடைக்கப் போவதில்லை என்று பலீலுக்கு அப்போது தெரியாது.

* * *

1972, மே மாதம்.

இலங்கை குடியரசாகி ஒரு கிழமை, ஏழு நாள் கூட ஆகவில்லை. ஊரில் ஓடுகிற வாகனம் எல்லாவற்றிலும் சிங்கக் கொடி. கொச்சி மிளகாய் மூட்டை ஏற்றும் லொறியில் கூட!

நாலந்தாவில் றோட்டோரம் நின்ற அந்தப் பழைய ஹம்பர் காரின் பொனட்டிலும் ஒரு குட்டிக் கம்பி இருந்தது.

ட்ரைவர் மாடசாமி மதகின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் சுற்றியிருந்த துவாய் சிவந்து போயிருந்தது. பலீலைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை.

"தொரய கடத்திட்டாங்க ஸேர்... கடத்திட்டாங்க!"

"யாரு?"

"மூணு பேருங்க. ஜீப்பக் குறுக்க விட்டானுங்க. எறங்கி என்னடான்னு கேட்டேன். பொனட்டு மேல என்னைச் சாச்சிப் போட்டு, இரும்பால மண்டையில ஒரு போடு..."

"துரைய?"

"இழுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க."

"எந்தப் பக்கம்?"

"கலேவெலப் பக்கம்."

"துரை சத்தம் போட்டாரா?"

மாடசாமி துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"தொர சத்தம் போடுற ஆள் இல்லீங்க."

பலீல் காரைச் சுற்றி வந்தார். பின் சீட்டைப் பார்த்தார். தோல் இருக்கையில் ஒரு கசங்கல் இல்லை. கால் விரிப்பில் ஒரு மண் துகள் இல்லை.

அறுபத்தாறு வயதுப் பெரியவரை மூன்று தடியர்கள் அந்த இருக்கையில் இருந்து இழுத்துப் போயிருக்கிறார்கள்...

விரிப்பு கூட நகரவில்லை!

பலீல் பொனட் பக்கம் திரும்பினார்.

* * *

அதற்கு முந்தைய நாள் பின்னேரம்.

மாத்தளை நகரத்தில், மிளகு வியாபாரி ஒருவரின் மகனாகத் தான் பிறந்த அதே வீட்டில், ஸக்கரியா ஹாஜியார் தன் கறுப்புக் கோட்டுக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தவர். நான்கு தலைநகரங்களில் இலங்கையின் கொடியை ஏற்றியவர். கடைசியில் கிழக்கே ஒரு தலைநகரத்தில் தூதுவராக இருந்தார். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள்.

அங்கேதான் அது நடந்தது.

தூதரகப் பை என்று ஒன்று உண்டு. அரக்கு முத்திரை வைத்த பை. எந்த நாட்டுச் சுங்க அதிகாரியும் அதைத் திறக்க முடியாது. ஒரு நாள் ஸக்கரியா அதைத் திறந்தார். உள்ளே இருந்தவை அரசாங்கக் கடிதங்கள் இல்லை. மாத்தளைக் காடுகளில் பாழடைந்து கிடந்த கோயில்களில் தோண்டி எடுத்த வெண்கலச் சிலைகள்!

அனுப்பச் சொன்னவர், ஸக்கரியாவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த முதற் செயலாளர் றஹீம்.

ஸக்கரியா புகார் செய்தார். புகார் காணாமல் போனது. மறுபடி செய்தார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றார் என்று அரசாங்கம் சொன்னது. ஓய்வெடுக்க வைத்தார்கள் என்று அவர் சொன்னார். விடவில்லை. கொழும்புக்கு நடையாய் நடந்தார். கதவு கதவாகத் தட்டினார்.

கடைசியில் விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. மறுநாள் இரண்டு மணிக்குக் கண்டிக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தின் மூடிய அறைக்குள் விசாரணை. பெயர்கள் வெளியே வராது. சிலைகளைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி ஸக்கரியா. அவர் வராவிட்டால் வழக்கு அன்றோடு முடிந்தது.

டெலிபோன் மணி அடித்தது.

"ஸக்கரியா ஹாஜியாரா?" கரகரத்த குரல்.

"நீங்க யாரு?"

"நாளைக்குக் கண்டிப் பக்கம் போகாதீங்க. கலேவெலயில ஒங்கட தங்கச்சி வீடு இருக்குதானே? அங்க போய் ரெண்டு நாள் சோறு தின்னுட்டு வாங்க."

"கலேவெலக்குப் போகலேன்னா?"

"மய்யித்தா... பொணமாத்தான் வீட்டுக்கு வருவீங்க!"

ஸக்கரியா சிரித்தார்.

"தம்பி, ஒரு ஊர்ல ஒரு ஜெனரல் என்ட மேசையில குண்டு போட்ட துவக்க வச்சுட்டு என்னை மிரட்டினான். அவன் கூட முதல்ல ஸலாம் சொன்னான். நீ அதையும் சொல்லல. மிரட்டுறதுக்கும் ஒரு மரியாத ஈக்குது, தெரியுமா?"

டக்!

மறுமுனை வைத்துவிட்டது.

வாசலில் அவர் மனைவி றமீஸா நின்றிருந்தார்.

"றஹீம்ட ஆளா?"

"வேற யாரு?"

"பொலிஸுக்குச் சொல்வோமா?"

"சொன்னா பின்னேரத்துக்குள்ள கடைத்தெரு பூரா தெரிஞ்சிடும். றஹீமுக்கு எல்லா இடத்திலயும் கூட்டாளி ஈக்குது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

ஸக்கரியா கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டார். இஸ்திரிப் பெட்டி நிதானமாக நகர்ந்தது.

"மாடசாமிக்குச் சொல்லுங்க. நாளைக்குக் கார் கலேவெலக்குப் போகும்."

* * *

நாலந்தா.

"மாடசாமி, இது என்ன?" பலீலின் விரல் பொனட் கம்பியைத் தொட்டது.

கம்பியில் கொடி இருந்தது. ஆனால் பறக்கவில்லை. சிறிய தோல் உறை ஒன்று அதை மேலிருந்து கீழாக மூடியிருந்தது. குடையை மூடி உறை போட்டது மாதிரி.

"கொடிக்கு உறைங்க."

"ஊர் பூரா கொடி பறக்குது. நீ மட்டும் மூடி வச்சிருக்கே?"

தலை வலியிலும் மாடசாமியின் முதுகு நிமிர்ந்தது.

"அதுதாங்க முறை. தொர உள்ள இருந்தாத்தான் கொடி பறக்கணும். தொர எறங்கிட்டாரா, உறை போட்டு மூடிடணும். தூதுவர் இல்லாத காரு வெறும் காருங்க. நாலு ஊர்ல ஓட்டியிருக்கேன். ஒரு நாள் தவறினதில்ல!"

"அடேயப்பா! எப்ப மூடினே?"

மாடசாமி உறையைப் பார்த்தார். றோட்டைப் பார்த்தார்.

"தொரய... இழுத்துக்கிட்டுப் போன ஒடனே."

"மண்டை ஒடஞ்சி ரத்தம் ஒழுகுது. தொரய கடத்திக்கிட்டுப் போறானுங்க. நீ எழும்பி, உறையத் தேடி எடுத்து, கொடிய மூடினே?"

"பழக்கங்க..."

"சரி. அப்பிடின்னா ரத்தம் கொடியில இருக்கணும்."

பலீல் உறையை மெல்லக் கழற்றினார்.

கொடி புத்தம் புதிதாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை!

உறையின் வெளிப்புறம் முழுக்கச் சிவப்பாகத் தெறித்திருந்தது.

"உன்ட மண்டை ஒடையும்போதே கொடி மூடியிருக்கு மாடசாமி. அதாவது, அம்பாஸடர் கார்ல இல்ல. எங்க அவரு?"

மாடசாமி சூரியனை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கடா இறக்கினே? என்ன செஞ்சே அவர?"

"ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க ஸேர். அதுக்கப்புறம் தூக்குல போடுங்க."

"இப்ப ரெண்டு அடி போட்டா?"

"ஏற்கெனவே ஒடஞ்ச மண்டைதானே ஸேர். இன்னும் கொஞ்சம் ஒடைங்க."

லெட்சுமணன் விலங்கை எடுத்தான்.

* * *

மாத்தளைக்குத் திரும்பும் வழியெல்லாம் பலீலின் மூளை ஜீப்பை விட வேகமாக ஓடியது.

வீட்டில் இருந்து புறப்படும்போது அம்பாஸடர் காரில் இருந்திருக்கிறார். கடைத்தெருவில் பலர் பார்த்திருக்கிறார்கள், கொடி பறக்க. நாலந்தாவில் இல்லை. நடுவில் எங்கோ இறங்கியிருக்கிறார்.

அல்லது இறக்கப்பட்டிருக்கிறார்!

நகரத்துக்குள் நுழைந்ததும் லெட்சுமணனை இறக்கி விசாரிக்க அனுப்பினார். அவன் ஓடிப் போய் ஓடி வந்தான்.

"ஸேர்! ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டர் பாத்திருக்கான். காலையில ஹம்பர் அங்க நின்னுச்சாம். பெரியவரு கறுப்புக் கோட்டோட எறங்கி ஸ்டேஷன் மாஸ்டர்ட ரூமுக்குள்ள போய்க் கதவ மூடிக்கிட்டாராம். இப்பத்தான், கண்டி ட்ரெய்ன் கூவினப்புறம், ஓடிப் போய்க் கடைசிப் பெட்டியில ஏறினாராம்!"

"உயிரோட?"

"செத்தவன் ஓடுவானா ஸேர்?"

பலீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சாம்பலாகிக் கொண்டிருந்தது.

"ஸேர்... இத யார்கிட்டயும் சொல்லாதீங்க ஸேர்."

"வாய மூடு. பாவம், அந்த அம்மா வீட்டில அழுதுகிட்டு இருப்பாங்க. முதல்ல அவங்களுக்கு நல்ல செய்தி சொல்லணும்!"

* * *

றமீஸா அழவில்லை.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எதிரே சோபாவில், வெள்ளைக் கோட்டும் மினுங்கும் சப்பாத்துமாக, றஹீம்!

இப்போது யட்டவத்தையில் ஏற்றுமதி வியாபாரி. பெரிய பங்களா. பெரிய மனிதர். 'நானாவைக் கடத்திட்டாங்களாம்' என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதும் முதல் ஆளாக ஆறுதல் சொல்ல வந்தவர். ஸக்கரியாவை 'நானா', றமீஸாவை 'ராத்தா' என்று, அண்ணன் அக்காவாகவே உறவு கொண்டாடுபவர்.

யார் செய்த வேலை என்று றமீஸாவுக்குத் தெரியும். றமீஸாவுக்குத் தெரியும் என்று றஹீமுக்கும் தெரியும். இருந்தாலும் தேநீர் ஊற்றினார். தூதுவரின் மனைவியாக இருந்த காலத்தில் எதிரியின் கோப்பைக்கு ஒரு துளி சிந்தாமல் ஊற்றப் பழகியவர் அவர்.

"கவலப்படாதீங்க ராத்தா. அல்லாட காவல். நானாக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு றஹீம். சீனி போதுமா?"

"போதும் ராத்தா. விசாரணை ஒண்ணு ஈக்குதாமே இண்டைக்கு... பாவம், இனி எப்படிப் போவார்?"

"அதுதானே. எப்படிப் போவார்?"

தடதடவென்று ஜீப் வந்து நின்றது.

பலீல் உள்ளே நுழைந்தார். பின்னால் லெட்சுமணன். அவன் பிடியில், விலங்கோடு மாடசாமி.

சோபாவில் இருப்பவரைக் கண்டதும் மாடசாமியின் கால்கள் நிலத்தில் ஊன்றிக்கொண்டன.

"இவனா!" றஹீம் துள்ளி எழுந்தார். "இன்ஸ்பெக்டர், இவன்தான் செஞ்சிருப்பான்! எந்த நாட்டுக்காரன்னே தெரியாத ஒருத்தன வீட்டில வச்சு வளத்தார் நானா. போன மாசமே இவனுக்கு நான் சொன்னேன், ஒழுங்கா நடந்தா குடியுரிமை எடுத்துத் தரலாம், இல்லாட்டி கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்கன்னு!"

உண்மைதான். மாத்தளைத் தோட்டம் ஒன்றில், குடியுரிமை மறுக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தொழிலாளிக்குப் பிறந்து, நான்கு நாடுகளில் இலங்கைக் கொடியைக் காரில் கட்டி ஓட்டிய மாடசாமி, எந்த நாட்டின் பிரஜையும் இல்லை. ஸக்கரியா கையெழுத்துப் போட்டு எடுத்த தற்காலிகப் பயணத் தாளில்தான் அவர் உலகம் சுற்றினார். அதைக் காட்டித்தான் போன மாதம் றஹீம் பேரம் பேசினார். 'ஹாஜியாரைக் கலேவெல றோட்டில் கொண்டுவந்து குடு' என்று. மாடசாமி தலையாட்டிவிட்டு, நேரே வந்து துரையிடம் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் பலீலுக்குத் தெரியாது. றஹீமின் மேல்தான் விசாரணை என்பதும் தெரியாது. குடும்ப நண்பர் என்று நினைத்தார்.

"மேடம், நல்ல செய்தி கொண்டு வந்திருக்கேன்!"

"தம்பி... முதல்ல உட்காருங்க. தேத்தண்ணி குடிங்க." றமீஸாவின் குரலில் ஓர் அவசரம்.

"தேத்தண்ணி பிறகு மேடம்..."

"ஸேர்! வாய மூடுங்க ஸேர்!" மாடசாமி கத்தினார்.

லெட்சுமணன் வெலவெலத்துப் போனான். இன்ஸ்பெக்டரை வாயை மூடச் சொன்ன முதல் கைதி!

பலீல் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தன் திறமை அவருக்கே தித்தித்தது.

"அம்பாஸடர யாரும் கடத்தல மேடம்! அவர் கார்லயே இல்ல. கொடிக்கு உறை போட்டிருந்ததை வச்சு நான் கண்டுபிடிச்சேன். ஸ்டேஷன்ல இறங்கி, கண்டி ட்ரெய்ன்ல போய்க்கிட்டு இருக்கார். பத்திரமா!"

சிலீர்!

றமீஸாவின் கையில் இருந்த கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

றஹீம் மட்டும் அசையவில்லை. அவர் உதட்டில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ட்ரெய்ன்லயா? எவ்வளவு கெட்டிக்கார இன்ஸ்பெக்டர்! ராத்தா, ஒரு டெலிபோன் கோல் எடுக்கலாமா? யட்டவத்தையில என்ட மனுசி அழுதுகிட்டு ஈப்பா. நல்ல செய்தியச் சொல்லணும்."

றமீஸா அவரைப் பார்த்தார். மறுத்தால் வெளியே போவார். வெளியே நூறு டெலிபோன்.

இங்கே என்றால் தன் கண் முன்னால்.

"தாராளமா எடுங்க."

றஹீம் ரிசீவரை எடுத்தார். எக்ஸ்சேஞ்சுக்கு ஏதோ ஒரு நம்பரை முணுமுணுத்தார். காத்திருந்தார். பிறகு பேசினார்.

தமிழ் இல்லை. சிங்களம் இல்லை. இங்கிலீஸும் இல்லை. கடகடவென்று ஒரு மொழி. நாலைந்து வாக்கியம்தான். வைத்துவிட்டார்.

"அது என்ன பாஷை?" என்றார் பலீல்.

"நானும் மனுசியும் வெளிநாட்டில பழகினது. வேலக்காரங்களுக்கு விளங்காம பேச வசதி!" றஹீம் கோட்டைச் சரி செய்தார். "சரி ராத்தா, நான் வாறேன்."

"றஹீம்."

"என்ன ராத்தா?"

"உங்கட மனுசி எதுக்குக் கண்டி ஸ்டேஷன்ல நிக்கணும்?"

வாசலுக்குத் திரும்பிய றஹீமின் சப்பாத்து அங்கேயே நின்றது.

றமீஸா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பாடம் ஒப்பிப்பது போல.

"'மாத்தளை ட்ரெய்ன் வருது. கிழவன் அதிலதான் ஈக்கிறான். கச்சேரிக்குப் போகக் கூடாது. சனத்தோட சனமா நின்னு தண்டவாளத்தில தள்ளு. தவறி விழுந்ததா ஈக்கட்டும்.' இதுதானே சொன்னீங்க? ஒரு வார்த்த விட்டுட்டேனா?"

றஹீமின் முகத்தில் இருந்த சிரிப்பு, எடுக்க மறந்த அலங்காரம் மாதிரி அங்கேயே நின்றது.

"ராத்தாக்கு... எப்படி அந்த பாஷை...?"

"நாலு வருஷம் அந்த ஊர்ச் சந்தையில மீன் வாங்கினது யாரு? நீங்களா? உங்கட நானாவா? நீங்க ரெண்டு பேரும் விருந்தில இங்கிலீஸ் பேசிக்கிட்டு இருந்தீங்க. மீன்காரிக்கு இங்கிலீஸ் தெரியாது. நான்தான் அவட பாஷையப் படிச்சேன். பேரம் பேசுற அளவுக்குப் படிச்சேன்!"

பலீல் தொப்பியைக் கழற்றினார். நாலந்தாவில் தான் கண்டுபிடித்தது எல்லாம் இந்த அறையில் ஒரு கொலைகாரனின் கையில் கொடுத்தாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

"மேடம்... விசாரணை இவர் மேலயா?"

"வேற யார் மேல தம்பி? அந்த மூணு தடியனும் இவர்ட ஆளுங்க. கார்ல ஆள் இல்லன்னதும் மாடசாமிய அடிச்சுக் கேட்டிருக்கானுங்க. இல்லையா மாடசாமி?"

"ஆமாங்க அம்மா. இவரு நம்பட்டும்னுதான் பொலிஸுக்குக் கடத்தல்னு சொன்னேன். அவனுங்ககிட்ட, தொர முந்தின பஸ்ஸுலயே கலேவெலக்குப் போயிட்டாருன்னேன். அங்க போய்த் தேடிக்கிட்டு இருப்பானுங்க. இந்நேரம் சந்தையில ஒவ்வொரு வெங்காய மூட்டையா அவுத்துப் பாத்திருப்பானுங்க!"

"கிழவிக்குப் பைத்தியம்!" றஹீம் வெடித்தார். "நான் என்ட வீட்டுக்குத்தான் பேசினேன். எந்தக் கோர்ட் இவ பேச்ச நம்பும்?"

பலீல் ஒரே எட்டில் டெலிபோனிடம் போனார்.

"எக்ஸ்சேஞ்ச்? பொலிஸ் பலீல் பேசறேன். இப்ப இந்த வீட்டில இருந்து ஒரு கோல் குடுத்தீங்களே... யட்டவத்தைக்குத்தானே?"

"இல்லையே ஸேர். கண்டிக்கு. ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டல் நம்பர்."

"ரொம்ப நல்லது. இப்ப அதே வேகத்தில கண்டிப் பொலிஸக் குடுங்க. ஒரு ஆள்ட உயிர் இந்த வயர்லதான் தொங்குது!"

கொடுத்தார்கள். பலீல் கத்தினார். கண்டி கேட்டது.

"ஆள் எப்படி இருப்பான்? உயரமா? கட்டையா? என்ன உடுப்பு?"

பலீல் றஹீமைப் பார்த்தார்.

றஹீம் மறுபடி சோபாவில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்களேன் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன்ல ஆயிரம் பேர் நிப்பான். சட்ட போட்டவன் எல்லாரையும் பிடிக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள ட்ரெய்ன் வந்துடும். உங்கட உத்தியோகம் நாளைக்கு ஈக்காது, தெரியுமா?"

"நாளைக்குத்தானே?" என்றார் பலீல். "இண்டைக்கு இருக்கே!"

ரிசீவரில் சொன்னார்: "ஆளத் தெரியாது. இருக்கிற பொலிஸ்காரன் எல்லாரையும் ப்ளாட்ஃபோர்ம்ல நிறுத்துங்க. கடைசிப் பெட்டி. கறுப்புக் கோட்டுப் பெரியவர். அவர் பக்கம் எவன் போனாலும் கண்ண எடுக்காதீங்க."

வைத்தார்.

"லெட்சுமணா! மாடசாமிட விலங்கக் கழட்டு. அளவு சரியா இருக்கான்னு இவர் கையில போட்டுப் பாரு."

க்ளிக்!

"டேய், மாடசாமி!" றஹீம் பல்லைக் கடித்தார். "அடுத்த கப்பல்ல நீ இந்தியா போறேடா!"

மாடசாமி மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"அனுப்புங்க. ஆனா எங்க தொர சாட்சி சொல்லி முடிச்சப்புறம் அனுப்புங்க. அதக் கேக்காம நான் கப்பல் ஏற மாட்டேன்."

* * *

காத்திருந்தார்கள்.

அது ஒன்றைத் தவிரச் செய்வதற்கு எதுவும் இல்லை.

றமீஸா தரையில் குந்தி, உடைந்த கோப்பையின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். யாரையும் உதவ விடவில்லை.

"மேடம், என்னை மன்னிச்சுக்கங்க," என்றார் பலீல். "நான் வாயத் திறந்திருக்கவே கூடாது."

"அவர் அந்த ட்ரெய்ன்ல இருந்து இறங்கினா மன்னிக்கிறேன்."

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது.

டெலிபோன் பேசவில்லை.

"ட்ரெய்ன் வந்து எவ்வளவோ நேரம்," என்றார் றஹீம் மெதுவாக. "இன்னாலில்லாஹி..."

"இன்னொரு வார்த்த!" றமீஸா திரும்பினார். கையில் கோப்பைத் துண்டு. "என்ட வீட்டில, என்ட மனுசனுக்கு, செத்தவங்களுக்கு ஓதுறத நீங்க ஓதினா, விலங்கோட சேத்து நாக்கையும் பொலிஸ் கொண்டுபோக வேண்டி வரும்!"

றஹீம் சோபாவில் பின்னுக்கு நகர்ந்தார்.

நேரம் போனது. லெட்சுமணன் வாசலுக்கும் டெலிபோனுக்குமாக நடந்தான். மாடசாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன.

ட்ர்ர்ரிங்...!

பலீல் பாய்ந்தார்.

"ஹலோ! ஆமா, பலீல்... என்ன...? என்னது...? திரும்பச் சொல்லுங்க!"

அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ரிசீவரை நீட்டினார்.

"மேடம்... உங்களுக்கு."

றமீஸா வாங்கினார். காதில் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், றமீஸா!" கண்டியில் இருந்து கணீரென்று ஒரு குரல். "ரெண்டு மணிக்குத் தொடங்கினேன். முத்திரையும் பையும் வரைக்கும் சொல்லியாச்சு. சிலைக் கதை இனித்தான். தண்ணி குடிக்க விட்டிருக்காங்க."

"நீங்க... உங்களுக்கு ஒண்ணும்...?"

"எனக்கென்ன? ஸ்டேஷன்ல பத்துப் பொலிஸ்காரன் வரவேற்றான். எந்தத் தலைநகரத்திலயும் எனக்கு இவ்வளவு பேர் வந்ததில்ல!"

"அந்த ஆளு? றஹீம் அனுப்பின ஆளு? பொலிஸுக்கு அடையாளமே தெரியாதே! எப்படிப் பிடிச்சாங்க?"

மறுமுனையில் ஸக்கரியா வாய்விட்டுச் சிரித்தார்.

"அடையாளம் எதுக்கு? அவனே காட்டிக் குடுத்துட்டான்! நான் பெட்டியில இருந்து இறங்கினேன். தூணுக்குப் பின்னால ஒருத்தன் நின்னான். என்னைத் தள்ள வந்தவன், என் முகத்த நேருக்கு நேர் பாத்துட்டான். பாத்ததும் பழைய பழக்கத்தில குதியோட குதி சேத்து, நெஞ்ச நிமித்தி, அடிச்சான் பாரு ஒரு சல்யூட்! ஸ்டேஷனே திரும்பிப் பாத்துச்சு. யாருன்னு நெனைக்கிறீங்க? நம்மட தூதரக வாசல்ல காவலுக்கு நின்னானே, அவன்தான்! றஹீம் அந்த ஊர்ல இருந்தே கூட்டிக்கிட்டு வந்து வச்சிருக்கான்."

"அவனா!" றமீஸாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கையக் கீழ விடுறதுக்குள்ள பிடிச்சுட்டாங்களா?"

"பிடிச்சுட்டாங்க. ஆனா நான்தான் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நாலு வருஷம் என் வாசல்ல நின்னு தூங்கினவன், றமீஸா! முதல் தடவையா ஒழுங்கா ஒரு சல்யூட் அடிச்சிருக்கான். திருப்பி அடிக்காம விட்டா மரியாதையா இருக்குமா?"